ஒரு பாட்டில் ஷிராஸும் ஒரு பாட்டில் ரம்மும்

அண்மையில் ஒரு வேலையாக எங்களில் இரண்டு பேர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்குப் போயிருந்தோம். அங்கே பல ஆண்டுகளாக வசிக்கும் தோழர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். அவருக்கு ஒயின் என்றால் உயிர். மாதம் ஒருமுறை நண்பர்கள் கூடி, ஒரு நல்ல பாட்டிலைத் திறந்து, ருசி பார்த்து, அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நாங்கள் போயிருந்தபோது அந்தக் கூட்டம் அவர் வீட்டில் நடந்தது.

அன்று திறந்தது பரோசா பள்ளத்தாக்கின் ஷிராஸ். அடிலெய்டுக்கு வடகிழக்கே, காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது பரோசா. அங்கே 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. உலகில் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும் மிகப் பழைய ஷிராஸ் கொடிகளில் அவையும் அடக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அழித்தது. அந்தப் பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவில்லை. அதனால்தான் இந்தக் கிழட்டுக் கொடிகள் தப்பின.

ஒரு மணி நேரம் முன்பே ஊற்றி ஆற வைத்திருந்தார் தோழர். நாவல்பழச் சாறு போன்ற நிறம். கிளாஸைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனால் முதலில் பழம், பிறகு கருப்பட்டியை நினைவூட்டும் ஏதோ ஒன்று, கடைசியில் மிளகு. வாயில் வைத்தால் கனம். கடுக்காயைக் கடித்ததுபோல ஈறில் ஒரு துவர்ப்பு. நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஆல்கஹால். சும்மா இல்லை, ஆளைத் தூக்கும் சரக்குதான்.

“எனக்கு மிளகு வாசமே வரலையே” என்றார் ஒருவர். தோழர் சிரித்தார். ஷிராஸில் வரும் அந்த மணத்துக்குக் காரணம் ரோட்டுண்டோன் என்ற வேதிப்பொருள். நம் சமையலறை மிளகில் இருப்பதும் அதுதான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அதைக் கண்டறிந்து வெளியிட்டபோது இன்னொன்றையும் சொன்னார்கள்: ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரிவதே இல்லை. மூக்கின் அமைப்பு அப்படி. ‘ருசி அறிந்தவர்கள்’ என்று பெருமை பேசுவோர் கேட்க வேண்டிய செய்தி.

வம்சப் பெருமைக்கும் இங்கே ஒரு அடி உண்டு. ஷிராஸ் என்ற பெயரை வைத்து, இந்தத் திராட்சை பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்று நெடுங்காலம் கதை சொன்னார்கள். மரபணுச் சோதனை செய்து பார்த்தால், அது பிரான்சிலேயே பிறந்த பயிர். தாயும் தகப்பனும் அதிகம் பேர் கேள்விப்படாத இரண்டு உள்ளூர்த் திராட்சைகள். பெரிய இடத்துப் பிறப்பு என்ற கதை இல்லாமலேயே ஒயின் நன்றாகத்தான் இருந்தது.

எங்களில் ஒருவர் குடிப்பதில்லை. அப்பாவைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவர். அவருக்குத் திராட்சைச் சாறு வந்தது. ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மற்ற ஏழு பேருக்கும் 750 மில்லியை மட்டம் பார்த்து ஊற்றினார் தோழர். எல்லோருக்கும் ஒரே வகைக் கிளாஸ். இரட்டைக் குவளைக் கடைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, ஒரே மாதிரிக் கிளாஸ் என்பது சின்ன விஷயம் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பேச்சு அந்த நாட்டின் புகழ்பெற்ற ஷிராஸான கிரேஞ்சுக்குத் தாவியது. ஒயின் பிரியர்கள் கூடினால் அந்தக் கதை வராமல் இருக்காதாம்.

மேக்ஸ் ஷூபர்ட் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து தலைமை ஒயின் தயாரிப்பாளராக உயர்ந்தவர். 1950இல் ஐரோப்பா போய், பிரான்சின் போர்டோவில் பல பத்தாண்டுகள் தாங்கும் ஒயின்களைப் பார்த்தார். திரும்பி வந்து 1951இல் ஷிராஸை வைத்துத் தன் முதல் முயற்சியைச் செய்தார். சில ஆண்டுகள் கழித்து நிறுவனத்தின் பெரியவர்களுக்கும் விமர்சகர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தபோது பெரும்பாலானோருக்குப் பிடிக்கவில்லை. 1957இல் தயாரிப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஷூபர்ட் நிறுத்தவில்லை. 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் மேலிடத்துக்குத் தெரியாமல் தயாரித்து, அடிலெய்டின் ஓரத்தில் உள்ள மகில் நிலவறைகளில் ஒளித்து வைத்தார். ஏற்கெனவே செய்திருந்தவை முதிர்ந்து ருசி தெரிந்த பிறகு 1960இல் நிறுவனமே மறுபடி தயாரிக்கச் சொன்னது. அந்த மூன்று ஆண்டுச் சரக்குக்கு ‘ஒளித்து வைத்த கிரேஞ்ச்’ என்றே பெயர். இன்று ஏலத்தில் அதன் விலை பல ஆயிரம் டாலர்.

“உத்தரவை மீறினவன்தான் இந்த நாட்டுக்கு நல்ல ஒயின் கொடுத்தான்” என்று முடித்தார் கதை சொன்னவர். எல்லோரும் கிளாஸை உயர்த்தினார்கள். நாங்களும் உயர்த்தினோம்.

அப்போதுதான் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்த படம் கண்ணில் பட்டது. வெளுத்த அடிமரத்தோடு ஒரு யூகலிப்டஸ், பின்னால் ஊதா நிற மலை. நீர்வண்ண ஓவியத்தின் அச்சுப் பிரதி. ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் நடுத்தர வர்க்க வீடுகளில் தவறாமல் தொங்கியவை இந்தப் படங்கள். வரைந்தவர் ஆல்பர்ட் நமட்ஜிரா, மேற்கு அரெண்டே பூர்வகுடியைச் சேர்ந்தவர். பழைய பொருள் கடையில் வாங்கியதாம். “அழகா இருக்கில்ல?” என்றார் தோழர்.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் சற்று முன் கேட்ட மூன்று ஆண்டுகளும் எங்களுக்கு வேறொரு கணக்கோடு நினைவுக்கு வந்தன.

நமட்ஜிரா 1902இல் மத்திய ஆஸ்திரேலியாவின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷனில் பிறந்தவர். அந்த மிஷனைத் தொடங்கிய ஜெர்மானியப் பாதிரியார்கள் 1875இல் ஆடுமாடுகளோடு புறப்பட்டது எங்கிருந்து தெரியுமா? பரோசாவின் பெத்தனி என்ற ஊரிலிருந்து. பரோசாவில் கொடி நட்டவர்களில் பலர் பிரஷ்யாவில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த லுத்தரன்கள். தங்கள் வழிபாட்டு உரிமைக்காகக் கடல் கடந்தவர்கள். அவர்கள் குடியேறிய நிலம் பெரமாங்க், நட்ஜுரி, கௌர்னா மக்களுடையது. ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தவர்கள் இன்னொருவர் நிலத்தில் வேரூன்றினார்கள். நாங்கள் ருசித்த கொடியின் வேரும் அந்த மண்ணில்தான் இருந்தது.

நமட்ஜிரா நீர்வண்ணம் கற்று, 1938இல் மெல்போர்னில் தனிக் கண்காட்சி வைத்தார். 1953இல் பிரிட்டிஷ் அரசியின் முடிசூட்டுப் பதக்கம் கிடைத்தது. மறு ஆண்டு கான்பெராவில் அரசியையே சந்தித்தார். இவ்வளவு புகழுக்கு நடுவே அவர் மாடு மேய்க்க நிலம் குத்தகைக்குக் கேட்டார், மறுத்தார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்டக் கேட்டார், அதையும் மறுத்தார்கள். படத்துக்குச் சுவரில் இடம் கொடுத்த நாடு, படம் வரைந்தவருக்கு ஊருக்குள் இடம் கொடுக்கவில்லை. இது நமக்குப் புதிய கதையா என்ன?

இப்போது அந்த மூன்று ஆண்டுகளுக்கு வருவோம்.

1957. ஷூபர்ட்டுக்கு நிறுத்த உத்தரவு வந்த அதே ஆண்டு, வடக்குப் பிரதேசத்தில் ஒரு நலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 15,000க்கும் மேற்பட்ட பூர்வகுடி மக்கள் அரசின் ‘காப்பில் உள்ளவர்கள்’ ஆக்கப்பட்டார்கள். எங்கே வசிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதில்கூட அரசு தலையிடலாம். மது அருந்தக் கூடாது. சட்டத்தின் வாசகத்தில் இனத்தின் பெயர் இல்லை, ‘சிறப்புக் கவனம் தேவைப்படுவோர்’ என்றுதான் இருந்தது. பட்டியலைப் பார்த்தால் எல்லோரும் பூர்வகுடிகள். சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதி பார்க்கும் கலை நமக்குத் தெரியும். நமட்ஜிராவையும் அவர் மனைவி ரூபினாவையும் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்கள் வாக்களிக்கலாம், மது வாங்கலாம். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த உரிமை கிடையாது.

1958. ஷூபர்ட் நிலவறையில் பீப்பாய்களை ஒளித்துக்கொண்டிருந்த ஆண்டு. நமட்ஜிரா ஒரு ரம் பாட்டிலைத் தன் சொந்தக்காரரும் சக ஓவியருமான ஒருவருக்கு எட்டும்படி விட்டு வைத்தார் என்று வழக்கு. காரின் இருக்கையில் இருந்தது பாட்டில். அரெண்டே மக்களிடம், கையில் இருப்பதைச் சொந்தத்தோடு பங்கிடுவது கடமை. பங்கிடாதவன் மனிதனாக மதிக்கப்படமாட்டான். நமட்ஜிரா ஓவியம் விற்ற காசில் பெரிய சுற்றமே வாழ்ந்தது. தன் மக்களின் சட்டப்படி அவர் செய்தது சரி. வெள்ளையர் சட்டப்படி அது ஆறு மாதச் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

1959. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, மேல்முறையீட்டில் தண்டனை மூன்று மாதமானது. சிறைக்குப் பதில் பாப்புன்யா என்ற காப்பிடத்தில் இரண்டு மாதம் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்த நமட்ஜிரா மனம் உடைந்து போயிருந்தார். ஆகஸ்ட் 8ஆம் தேதி இதய நோயால் இறந்தார். வயது 57.

உத்தரவை மீறி மூன்று ஆண்டு மதுவை ஒளித்து வைத்தவர் நாயகன். ஒரு பாட்டிலைச் சொந்தக்காரருக்குக் கொடுத்தவர் கைதி. ஷூபர்ட் மீது நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. உழைத்து மேலே வந்தவர், தன் கைவேலையை நம்பினவர். அவர் மீறியது கம்பெனி உத்தரவு, நமட்ஜிரா மீறியது அரசின் சட்டம், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லைதான். ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் குற்றமாக்கி வைக்கும் சட்டம் அவர் மேல் இருந்தது, இவர் மேல் இல்லை. நாம் சொல்லும் வேறுபாடும் அதுதான்.

1959க்கு ஒரு பின்கதையும் உண்டு. 2011இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பேரி ஓஃபாரல். அவர் பிறந்தது 1959. ஒரு தொழிலதிபர் அவருக்கு 1959ஆம் ஆண்டு கிரேஞ்ச் பாட்டிலை அனுப்பினார். மதிப்பு சுமார் 3,000 டாலர். 2014இல் ஊழல் தடுப்பு ஆணையத்தில் கேட்டபோது, அப்படி ஒரு பாட்டில் வந்ததாக நினைவில்லை என்றார் முதல்வர். மறுநாள் அவர் கைப்பட எழுதிய நன்றிக் குறிப்பு வெளியானது. பதவி விலகினார். அவர் ஊழல் செய்தார் என்று ஆணையம் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அவர் பதவி விலகியது நேர்மைதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பாட்டில் கைமாறியதால் ஒருவருக்குப் பதவி போனது, இன்னொருவருக்குச் சுதந்திரமே போனது. முன்னவரைப் பார்த்து ‘இவர்கள் இனத்துக்கே குடியைக் கையாளத் தெரியாது’ என்று எவரும் பேசவில்லை.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: “குடி நம் மக்களை அழிக்கிறது. தடை போட்டால் நல்லதுதானே?” நியாயமான கேள்வி. அன்று அந்த மேசையில் திராட்சைச் சாறு குடித்த எங்கள் தோழரும் இதைத்தான் கேட்டார். நமட்ஜிரா தங்கியிருந்த முகாமில் 1958இல் ஒரு பெண் கொல்லப்பட்டார். முகாமுக்குள் மது கொண்டுவந்ததாக நமட்ஜிராவை அதிகாரிகள் கண்டித்தார்கள். அந்தப் பெண்ணின் சாவை மறைத்துவிட்டு நாம் நியாயம் பேச முடியாது. குடிக்குப் பின்னால் அடிவாங்கும் பெண்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

இதற்கு ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். 2007இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்ற ஊரில், சாவு மேல் சாவாகப் பார்த்துச் சலித்த பெண்கள் கூடிப் பேசினார்கள். ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் போன்றோர் முன்னின்றார்கள். மதுக்கடையில் கடுமையான சரக்கை வெளியே எடுத்துப்போக விற்கக் கூடாது என்று உரிம அதிகாரியிடம் கேட்டு வாங்கினார்கள். வாங்க வருபவர் யாராக இருந்தாலும் அதே விதி. ஊருக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. அதையும் தாங்கி நின்றார்கள்.

அதே 2007இல் வடக்குப் பிரதேசத்தில் மத்திய அரசு தன் ‘தலையீட்டை’ அறிவித்தது. பூர்வகுடி ஊர்களின் வாசலில் பெரிய பலகை நட்டு, இங்கே மது கூடாது, ஆபாசப் படம் கூடாது என்று எழுதி வைத்தது. அந்தச் சட்டங்களுக்கு இடையூறாக வரும் என்று இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அங்கே செயலற்றதாக்கியது. ஊருக்குள் நுழையும் எவரும் முதலில் படிப்பது அந்தப் பலகையைத்தான். உள்ளே இருப்பவர்கள் குடிகாரர்கள், வக்கிரம் பிடித்தவர்கள் என்று அரசே எழுதி ஒட்டியதாக அந்த மக்கள் கொதித்தார்கள்.

இரண்டுமே மதுக் கட்டுப்பாடுதான். முதலாவதில் மக்கள் தங்களுக்காக முடிவெடுத்தார்கள். இரண்டாவதில் மக்களைக் கேட்காமல் அவர்கள் மீது முடிவெடுக்கப்பட்டது. மதுக்கடையை மூடச் சொல்லித் தெருவில் உட்காரும் நம் ஊர்ப் பெண்கள் முதல் வரிசையில் நிற்கிறார்கள். ‘சேரியில் எல்லோரும் குடிகாரர்கள்’ என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுபவர் இரண்டாவது வரிசையில் நிற்கிறார். இருவரும் ‘மது வேண்டாம்’ என்கிறார்கள் என்பதற்காக இருவரையும் ஒன்றாகக் கருதிவிடாதீர்கள்.

மறுக்கும் கை எப்போதும் மறுத்துக்கொண்டே இருக்காது. தேவைப்பட்டால் ஊற்றவும் செய்யும். ஷிராஸ் விளையும் இன்னொரு நாடு தென்னாப்பிரிக்கா. அதன் மேற்கு கேப் பகுதித் தோட்டங்களில் அடிமைக் காலம் தொட்டு ‘டோப்’ என்று ஒரு முறை இருந்தது. கூலியில் ஒரு பங்கு ஒயின். விடியலில் ஒரு குவளை, இடையிடையே குவளைகள், வேலை முடிந்ததும் ஒன்று. விற்க முடியாத மட்டச் சரக்கைத் தொழிலாளிக்கு ஊற்றி, அவரைப் போதைக்கும் தோட்டத்துக்கும் சேர்த்தே கட்டிப்போட்டார்கள். 1960களில் சட்டம் அதைத் தடை செய்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அது ஒழியவில்லை. தாயின் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம், உலகில் பதிவானவற்றில் மிக உயர்ந்த இடங்களில் ஒன்றாக அந்த மாகாணம் இன்றும் இருக்கிறது. அந்தத் தோட்டங்களின் நல்ல ஒயின் லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போனது. அங்கே அதைச் சுழற்றி முகர்ந்து பார்த்தவர்கள் ரசிகர்கள். இங்கே மீதியைக் குடித்தவர்கள் ‘குடிகாரக் கூட்டம்’.

ஆக, கிளாஸுக்குள் இருப்பதை மட்டும் பார்த்து ‘கலாச்சாரம்’, ‘குற்றம்’, ‘கூலி’ என்று பெயர் வைப்பதில்லை. யார் ஊற்றுகிறார், யாருக்கு ஊற்றுகிறார், வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். குடிப்பதைப் புரட்சி என்று நாம் சொல்லவில்லை. மேல்தட்டு மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி கிடைத்தால் விடுதலை வந்துவிடும் என்றும் சொல்லவில்லை. நாம் கேட்பது இன்னும் அடிப்படையானது. பங்கிடவும் மறுக்கவும் எல்லோருக்கும் ஒரே உரிமை. தவறினால் எல்லோருக்கும் ஒரே சட்டம். ஒருவர் தவறினால் அவரைப் பற்றி மட்டும் பேசு, அவர் பிறந்த கூட்டத்தைப் பற்றிப் பேசாதே.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ‘அவங்க சம்பாதிக்கிறதெல்லாம் குடிச்சே அழிச்சிடுவாங்க’ என்று உங்கள் வகுப்பில் யாராவது சொல்லும்போது, உடனே ‘எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை’ என்று நற்சான்று கொடுக்க ஓடாதீர்கள். அது அவர்கள் போட்ட கேள்வித்தாள். நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: உங்கள் வீட்டு விருந்தில் குடித்தால் அதற்கு என்ன பெயர்?

அன்றிரவு மேசையில் நமட்ஜிராவின் கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கதை சொன்ன ஆஸ்திரேலியர், தன் பாட்டி வீட்டிலும் இதே போன்ற படம் இருந்தது, இதையெல்லாம் யாரும் சொன்னதில்லை என்றார். அந்தப் படங்களின் பதிப்புரிமையை 1983இல் அரசு அறங்காவலர் ஒருவர், குடும்பத்தைக் கேட்காமல், வெறும் 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்துக்கு விற்றுவிட்டார் என்பதையும் சொன்னோம். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2017இல்தான் அது நமட்ஜிராவின் வாரிசுகளுக்கான அறக்கட்டளையிடம் திரும்பியது.

பாட்டிலின் அடியில் ஒரு வாய் மீதமிருந்தது. தோழர் அதை யாருக்கு ஊற்றுவது என்று பார்த்தார். பிறகு ஏழு கிளாஸிலும் சொட்டுச் சொட்டாகப் பிரித்து ஊற்றினார். எட்டாவது கிளாஸில் திராட்சைச் சாற்றை நிரப்பினார்.